‘இல்லை’ என்று எழுதப்பட்ட காடு

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொல்லியல் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் அழைத்தபோது, கீழடியைப் பற்றித்தான் பேசச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். காட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதிலும், ஒரு திட்டம் வருவதற்கு முன்னால் காட்டு நிலத்தில் நடக்கிற, அல்லது நடக்காமல் போகிற தொல்லியல் ஆய்வைப் பற்றி. மகிழ்ச்சி. கீழடிக்குக் கைதட்ட இன்று கட்சி பேதமில்லாமல் ஆள் இருக்கிறது. காட்டுக்குள் ஒரு கல்வட்டம் மண்வாரி இயந்திரத்தின் வாய்க்குள் போனால் அது செய்தியாகக்கூட வருவதில்லை.

ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறேன். அணை, சுரங்கம், மின்பாதை, சாலை எதுவானாலும் காட்டு நிலத்தில் வர வேண்டும் என்றால் ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2023இல் அதைத் திருத்தியபோது பெயரையும் ‘வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதினியம்’ என்று மாற்றிவிட்டார்கள். இங்கே யாராவது தடுமாறாமல் அதைச் சொல்லிவிட்டால் கூட்டம் முடிந்ததும் தேநீர் என் செலவு.

அந்த ஒப்புதலுக்கான விண்ணப்பத்தில் ஒரு பகுதியைத் திட்டம் கொண்டுவருபவர் நிரப்புவார். அடுத்த பகுதியை மாவட்ட வன அலுவலர் நிரப்ப வேண்டும். எத்தனை மரம், என்ன வகை, மண் அரிப்பு உண்டா, யானை வழித்தடம் உண்டா என்று கேள்விகள் போகும். நடுவில் ஒரு வரி வரும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமோ, மரபுச் சின்னமோ, பாதுகாப்புத் துறை நிலையமோ, வேறு முக்கியமான நினைவுச் சின்னமோ அந்தப் பகுதியில் இருக்கிறதா? இருந்தால் விவரமும் தடையின்மைச் சான்றும் தர வேண்டும். அவ்வளவுதான். ராணுவ முகாமும் மூவாயிரம் ஆண்டுக் கல்லறையும் ஒரே வரியில்.

இந்த விண்ணப்பங்கள் ‘பரிவேஷ்’ என்ற அரசு இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. பொழுது போகாத இரவுகளில் நான் அவற்றைப் படிப்பதுண்டு. நான் படித்தவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த வரிக்கு நேரே ஒரே பதில்தான்: ‘இல்லை’.

இல்லை என்று எப்படித் தெரிந்தது? யாராவது நடந்து பார்த்தார்களா? பார்க்கத் தேவையில்லை. கேள்வியின் முதல் சொல்லே ‘பாதுகாக்கப்பட்ட’ என்பதுதான். அரசு ஏற்கெனவே பாதுகாத்துப் பட்டியலில் சேர்த்த இடம் அந்த நிலத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று அதிகாரி எடுத்துக்கொள்கிறார். ‘வேறு முக்கியமான நினைவுச் சின்னம்’ என்ற சொற்களும் அதே வரியில் இருக்கின்றன. ஆனால் எது முக்கியம் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தே முடிவு செய்துவிடலாம்.

இந்திய அளவில் ஒன்றியத் தொல்லியல் துறையின் பட்டியலில் சுமார் 3,700 நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய நாட்டுக்கு, இவ்வளவு நீண்ட வரலாற்றுக்கு 3,700. அதில் இருப்பவற்றையாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்றால், 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தரப்பினர் 1,655 இடங்களை நேரில் பார்க்கப் போனபோது 92 இடங்களைக் காணவில்லை. பட்டியலில் இருப்பதே காணாமல் போகிற நாட்டில், பட்டியலிலேயே இல்லாததற்கு என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இருப்பவை எவை? கோயில், கோட்டை, அரண்மனை, மசூதி, தேவாலயம், வெள்ளைக்காரத் தளபதிகளின் கல்லறை. பெருங்கற்கால இடங்களும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்லில் கட்ட வசதி இருந்தவர்களின் வரலாறுதான் அதில் பெரும்பகுதி. கல் சுமந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது அந்தப் பட்டியலின் அக்கறை இல்லை. ஊர், சேரி என்ற பிரிவினை தெருவோடு நிற்கவில்லை தோழர்களே, தொல்லியல் பட்டியல் வரைக்கும் போயிருக்கிறது.

இனி என் சொந்தக் கதை. கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

தொல்லியலில் முதுகலை முடித்த ஆண்டு. மலையடிவாரக் காட்டில் ஒரு உயரழுத்த மின்பாதை வரப்போகிறது, அந்தத் தடத்தில் மேற்பரப்பு ஆய்வு செய்து தர வேண்டும் என்று ஒரு சிறு குழுவை அனுப்பினார்கள். நானும் போனேன். அனுப்பியது யார், ஊர் எது என்று சொல்லப் போவதில்லை. அந்த மக்களின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

காட்டில் மேற்பரப்பு ஆய்வு என்பது வயலில் செய்வதுபோல இல்லை. உழுத வயலில் பானையோடு கண்ணில் படும். காட்டில் சருகு மூடியிருக்கும், உண்ணிச்செடி இடுப்பளவு நிற்கும். பத்தடி தள்ளி ஒரு கல்வட்டம் இருந்தாலும் தெரியாது. அதனால் கோடையில் புல் காய்ந்த பிறகு போவார்கள். ஒருவருக்கொருவர் இருபது, முப்பதடி இடைவெளி விட்டு வரிசையாக நடக்க வேண்டும். கறுப்பு சிவப்புப் பானையோடு, இரும்பு உருக்கிய கசடு, தேய்ந்த அரைப்புக் கல், பாறையில் குடைந்த சிறு குழிகள், வரிசையாகக் குத்திட்டு நிற்கிற பலகைக் கற்கள், தூர்ந்துபோன கிணறு. இவற்றில் எதைப் பார்த்தாலும் நின்று, ஜி.பி.எஸ்.ஸில் புள்ளி வைத்து, படம் எடுத்து, அளந்து எழுத வேண்டும். இன்று வானூர்தியிலிருந்து லேசர் ஒளிக்கற்றை அனுப்பி, மரங்களுக்கு அடியில் இருக்கிற தரையின் மேடு பள்ளத்தை வரைந்து விடுகிறார்கள். அமேசான் காட்டுக்குள் பழைய குடியிருப்புகளையும் சாலைகளையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். எங்களிடம் அது கிடையாது. எங்களிடம் இருந்தது ஒரு இருளர் பெரியவர்.

உண்மையில் ஆய்வு செய்தது அவர்தான். நாங்கள் வரிசை கட்டி நடந்துகொண்டிருந்தபோது அவர், “அங்கிட்டு ஒண்ணும் இல்ல சாமி, இங்கிட்டு வாங்க” என்று கூட்டிப்போனார். மூன்று நாளில் பதினொரு கல்வட்டங்கள், நான்கு கல்திட்டைகள். என் தாத்தா வயதுள்ள மனிதர் என்னைச் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார், எனக்குக் கூசியது. “நான் காலனிக்காரன் தாத்தா, பேரச் சொல்லியே கூப்பிடுங்க” என்றேன். சிரித்தார். அடுத்த நாளும் சாமிதான். ஒரு கல்திட்டைக்கு முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றினார். உள்ளே ஆற்றுக் கூழாங்கற்கள் கிடந்தன. நீலகிரியில் இருளர்களும் குறும்பர்களும் இறந்தவர் பொருட்டு இப்படிக் கூழாங்கல் கொண்டுபோய் வைக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது படித்த விஷயம். கண்ணால் பார்த்தபோது படித்ததெல்லாம் மறந்து போனது.

அறிக்கை வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. ‘உள்ளூர்வாசி ஒருவரின் உதவியுடன்’ என்று இருந்தது.

நான் வெட்கப்படுவது அதற்கு மட்டுமல்ல. மூன்றாம் நாள் மாலை காட்டோரத்தில் ஒரு ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு இறங்கினோம். முப்பது நாற்பது வீடுகள். தண்ணீர் கேட்டோம், கொடுத்தார்கள். கொடுத்த அக்கா எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, மேல எங்க ஆளுகளப் பொதைக்கிற எடம் இருக்கே, அத எழுதிக்கிட்டீங்களா?” என்று கேட்டார். வனத்துறை எல்லைக் கல்லுக்கு உள்ளே, மின்பாதைத் தடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் அந்த வழியாகத்தான் வந்திருந்தோம். மண்மேடுகள், சில மேடுகளில் குத்துக்கல், ஒரு பக்கம் இடிந்த கிணறு. பார்த்தோம், தாண்டி வந்தோம். “அது ரொம்பப் பழசு இல்லக்கா, நாங்க பழசு மட்டும்தான் எழுதுவோம்” என்றேன்.

காலனியில் பிறந்து வளர்ந்தவன் சொன்னேன். என் தாத்தாவைப் புதைத்த இடத்துக்கும் மதில் கிடையாது, பாதை கிடையாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அந்தக் காணொளியைப் பார்த்து அழுதவன்தான் நானும். ஆனாலும் கையில் நோட்டு வந்ததும், எது வரலாறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் கண்ணால்தான் பார்த்தேன். படிப்பு அப்படிப்பட்டது.

நான் சொன்னது சட்டப்படி சரிதான் என்பதுதான் இதில் வேதனை. 1958ஆம் ஆண்டின் பழமையான நினைவுச் சின்னங்கள் சட்டத்தின்படி ஒன்று நினைவுச் சின்னம் ஆக வேண்டுமானால் குறைந்தது 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த இடுகாடு எண்பது, தொண்ணூறு ஆண்டுக்கு முந்தையது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். ஆக, அது வரலாறு இல்லை.

இன்னொரு சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதில் பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பழங்குடி அல்லாதவர்கள், அதாவது ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’, அந்தத் தேதிக்கு முன்னால் மூன்று தலைமுறை வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு, ஆக 75 ஆண்டு. காட்டோரத் தலித் மக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறார்கள். 75 ஆண்டுக்கு முன்னால் எந்த வன அதிகாரி ஒரு பறையருக்கோ சக்கிலியருக்கோ பட்டா எழுதிக் கொடுத்தான்? காகிதம் எங்கிருந்து வரும்?

அதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் விதிகளில் 13ஆம் விதி எவையெல்லாம் சான்றாகும் என்று சொல்கிறது. பதிவேடுகளும் வாக்காளர் அட்டையும் மட்டும் அல்ல. பழமையை நிலைநாட்டும் மரபான கட்டமைப்புகள், அதாவது கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவையும் சான்று. பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. குறிப்பிட்ட காகிதம்தான் வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று 2012 திருத்தம் சொல்கிறது.

இப்போது இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்பது ஆண்டுப் பழமையான ஒரு தலித் இடுகாடு, ஒரு சட்டத்தில் வெறும் மண்மேடு. இன்னொரு சட்டத்தில் ஒரு ஊரே அந்த நிலத்தில் தங்குவதற்கான உரிமைச் சான்று. நான் நோட்டில் எழுதாமல் தாண்டி வந்தது அந்த ஊரின் பத்திரத்தை.

ஆய்வே நடக்காததால்தான் இத்தனையும், ஒழுங்காக ஆய்வு நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் ஒரு திட்டத்துக்கு முன்னால் மிகப் பெரிய அளவில் நடந்த ஆய்வு நாகார்ஜுனகொண்டாவில் நடந்தது. மூன்று பக்கமும் நல்லமலைத் தொடர், ஒரு பக்கம் கிருஷ்ணா ஆறு, நடுவில் பள்ளத்தாக்கு. நல்லமலை செஞ்சு மக்களின் காடு. இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி அங்கேதான் இருந்தது. பௌத்த மகாசைத்தியமும் விகாரங்களும் இருந்தன. அவற்றுக்குக் கொடை கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பெண்கள். சாந்திசிரி என்ற அரச குலப் பெண்ணின் பெயரையும் போதிசிரி என்ற உபாசிகையின் பெயரையும் அங்குள்ள கல்வெட்டுகளில் இன்றும் படிக்கலாம்.

அங்கே அணை கட்ட முடிவாயிற்று. 1955 டிசம்பர் 10இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 முதல் 1960 வரை ஆறு ஆண்டுகள் தொல்லியல் துறை பள்ளத்தாக்கு முழுவதும் அகழ்ந்தது. கற்காலக் கருவிகள், பெருங்கற்காலக் கல்லறைகள், விகாரங்கள், படித்துறை, அரங்கம் எல்லாம் வெளியே வந்தன. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்ற நாளிலும் இங்கே தண்ணீருக்குள் போகப்போகிற ஒரு பௌத்த நகரத்தின் அகழாய்வு முடியாமல் இருந்தது. அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

முக்கியமான கட்டடங்களைப் பெயர்த்து, மலை உச்சியிலும் கரையிலும் மீண்டும் அடுக்கினார்கள். அந்த உச்சி இன்று நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு தீவு. அருங்காட்சியகம் இருக்கிறது, படகில் போய்ப் பார்க்கலாம். தொல்லியலாளர்கள் செய்தது அரிய வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் படகில் போகும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பள்ளத்தாக்கில் இருந்த ஊர்களின் மக்கள் எங்கே போனார்கள்? அருங்காட்சியகத்தில் சிலைகளுக்கு விளக்க அட்டை இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒரு அட்டையும் என் கண்ணில் படவில்லை. கல்லுக்குக் கிடைத்த மறுவாழ்வு அக்கறையில் பாதி மனிதர்களுக்குக் கிடைத்ததா என்று தேடிப் படிக்க வேண்டியது உங்கள் வேலை.

இது பழைய கதை என்றால், 2020 மே 24இல் நடந்ததைக் கேளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூக்கன் பள்ளத்தாக்கு. அங்கே 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து தங்கிய பாறைக் குகை ஒன்று. புட்டு குன்டி குர்ராமா, பினிக்குரா என்ற பழங்குடிகளின் புனித இடம். ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாது எடுக்க அதை வெடிவைத்துத் தகர்த்தது. ஆய்வு நடக்கவில்லையா? நடந்தது. தகர்க்க 2013இலேயே அரசு அனுமதி கொடுத்துவிட்டது. 2014இல் அகழ்ந்து ஆயிரக்கணக்கான பொருள்களை எடுத்தார்கள். அதில் 4,000 ஆண்டுப் பழமையான, மனித முடியால் பின்னிய ஒரு கயிற்றுத் துண்டு இருந்தது. மரபணுவைப் பார்த்தால் இன்றைய அதே மக்களின் முன்னோருடையது. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் வெடி வைத்தார்கள். உலகமே காறித் துப்பியது, தலைமை அதிகாரி பதவி விலகினார், குகை போனது போனதுதான். இங்கே ஆய்வு தகர்ப்புக்கு முந்தைய ஒரு சடங்காக மாறிவிட்டது. பொருளை எடுத்துப் பெட்டியில் வைத்தாயிற்று, இனி இடம் எதற்கு என்ற கணக்கு.

அப்படியானால் எது காப்பாற்றும்? நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. அரிட்டாபட்டி.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டம். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பர் 7இல், அந்த நிலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதியை ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. 2,000 ஹெக்டேருக்கு மேல். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழி கல்வெட்டுகள் இருக்கின்றன, சமணப் படுக்கைகள் இருக்கின்றன, பாண்டியர் காலக் குடைவரை இருக்கிறது. பட்டியலில் இருக்கிற வரலாறே அங்கே இத்தனை. அப்படியும் ஏலம் விட்டார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள்? கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9இல் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7இல் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23இல் ஏலம் ரத்து. படிவத்தின் ஒரு வரியால் இது நடக்கவில்லை. கிராம சபையும் தெருவும் செய்த வேலை. ஒடிசாவின் நியம்கிரியிலும் அப்படித்தான். பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகள் சொல்லட்டும், அதில் மக்களின் வழிபாட்டு, பண்பாட்டு உரிமைகளையும் பார்க்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கே காட்டுவதற்குக் கல்வெட்டோ குடைவரையோ இல்லை. மலையே அவர்களுக்கு நியம ராஜா.

அரிட்டாபட்டி வெற்றியைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கொண்டாட்டத்தின் நடுவே மனதில் ஒரு முள். கல்வெட்டு இருந்த மலைக்காக நாடே பேசியது, சரி. கல்வெட்டு இல்லாத மலைக்கு? இன்னொன்று, அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து தலித்துகளும் வெட்டிக் கொல்லப்பட்ட ஊர். அங்கே அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தின் மரபுச் சின்னங்களை வரிசையாகச் சொன்ன கட்டுரைகள் நிறையப் படித்தேன், சமணரையும் பாண்டியரையும் சொன்னார்கள். மேலவளவைச் சொன்ன ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. நூறு ஆண்டு ஆகட்டும் என்று காத்திருக்கிறோமா?

பெயர் வைப்பதிலும் இந்த விளையாட்டு உண்டு. தமிழ்நாட்டில் கல்திட்டைகளுக்கு ஊர்மக்கள் சொல்லும் பெயர்களைக் கேளுங்கள்: பாண்டவர் வீடு, குள்ளர் வீடு. யாரோ உழைத்துத் தூக்கி நிறுத்திய கல், பெயர் மட்டும் பாண்டவருக்கு. அதற்காக அந்தக் கல்லறைகளைக் கட்டியவர்கள் இன்ன சாதியின் முன்னோர், இன்ன பழங்குடியின் முன்னோர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையில் இறங்கினால் ஒவ்வொரு சாதிச் சங்கமும் ஒரு தாழியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும், ஏற்கெனவே போகிறார்கள். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். அந்த இடங்களை இன்று அறிந்து வைத்திருப்பவர்கள், அங்கே செருப்பைக் கழற்றுகிறவர்கள் யாரோ, அவர்களைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தொல்லியல் இடம் என்று அறிவித்துவிட்டால் மக்களுக்கு நல்லது என்று எப்போதும் சொல்ல முடியாது. 2011இல் ஹம்பியின் பழைய கடைவீதியில் குடியிருந்த குடும்பங்களை மரபுச் சின்னத்தைக் காக்கிறோம் என்று சொல்லித்தான் இடித்து வெளியேற்றினார்கள். 2010 திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. ஒரு இருளர் குடிசைக்குப் பக்கத்துக் கல்வட்டத்தை அப்படி அறிவித்தால் அவர் நாளைக்குச் சுவர் எழுப்ப முடியாது. புலிக்காக ஒரு முறை, சுரங்கத்துக்காக ஒரு முறை, கல்லுக்காக ஒரு முறை என்று ஒரே மக்களை எத்தனை முறைதான் துரத்துவது? 2019 பிப்ரவரியில் வன உரிமை மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, நாடு கொதித்த பிறகு இரண்டே வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். அந்தக் கத்தி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் முதலில் கிராம சபையின் கையில் இருக்க வேண்டும். எதை வெளியே சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். கூழாங்கல் கிடந்த அந்தக் கல்திட்டையின் படத்தை நான் இன்றுவரை எங்கேயும் வெளியிடவில்லை.

அந்தக் குடியிருப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டம் பல ஆண்டு நீதிமன்றத் தடையில் கிடந்தது, 2016இல்தான் தடை நீங்கியது. அதற்குப் பிறகு அந்த மக்கள் மனு போட்டார்கள். 75 ஆண்டுக்குச் சான்று கேட்டார்கள். யாரோ என் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அந்த அக்கா பேசினார். “தம்பி, அன்னைக்கு அளந்தீங்களே, அந்த மேப்பக் குடுத்தா ஆபீசுல காட்டுவோம்.” எந்த மேப்பைக் கொடுப்பது?

மறுபடி போனேன். மின்கோபுரம் நின்றது. கோபுரத்துக்கு லாரி போக வெட்டிய மண்சாலை இடுகாட்டின் கீழ்ப்பாதி மேல் போயிருந்தது. மேல்பாதி இருந்தது, கிணறு இருந்தது. இந்த முறை ஊரே கூட வந்தது. கயிறு பிடித்தார்கள், நான் அளந்தேன். ஒவ்வொரு மேட்டுக்கும் அது யாருடையது, அவர் யாருக்கு என்ன முறை, எந்தப் பஞ்சத்தில் செத்தார், எந்த மழையில் செத்தார் என்று கிழவிகள் சொல்லச் சொல்ல எழுதினேன். நாற்பத்தேழு மேடுகளுக்குப் பெயர் கிடைத்தது. கிணற்றின் உள்சுவரை, கட்டிய கல்லை, கயிறு தேய்த்த தடத்தைப் படம் எடுத்தோம். கடைசியில் இருளர் பெரியவரைத் தேடினேன். அவர் போய்விட்டார், மகன் இருந்தார். அந்த இடுகாட்டைச் சின்ன வயதிலிருந்தே தன் அப்பா காட்டியதாக அவர் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மனுதாரர் அல்லாத ஒருவரின் வாக்குமூலம், அதுவும் 13ஆம் விதியில் வருகிறது.

அந்தக் கோப்பு இப்போது உட்கோட்டக் குழுவிடம் இருக்கிறது. ஒரு நகலை இன்று கொண்டு வந்திருக்கிறேன், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மாதிரியாக. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேரின் ஊர் காட்டோரத்தில் இருக்கிறதோ, அவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். ஐம்பது மீட்டர் அளவு நாடா இரண்டுதான் என்னிடம் இருக்கிறது, யார் முதலில் எடுத்துப் போகிறீர்கள் என்று பேசி முடிவு செய்துகொள்வோம்.